மணல்மேல் நின்ற கல்

ஆம்பூரில் கையில் நாலு காசு சேர்ந்துவிட்டால் ஆளுக்கொரு பைத்தியம் பிடிக்கும். ஒருவர் புறா வளர்ப்பார். இன்னொருவர் பழைய மோட்டார் கார் வாங்கி வாசலில் நிறுத்தி, ஓட்டாமல் துடைத்துக்கொண்டே இருப்பார். தோல் பதனிடும் ஷெட் முதலாளி கிருஷ்ணராஜுக்குப் பிடித்தது கடல் பைத்தியம். கடல் நூறு மைலுக்கு அப்பால் இருக்கிறதே என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை. பங்களா ஹாலில் ஐந்தடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி கட்டினார். மதராஸிலிருந்து ரயிலில் ஜாடி ஜாடியாகக் கடல் தண்ணீரை வரவழைத்தார். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்திலிருந்து பவளக் கற்களைக் கொண்டுவந்து உள்ளே அடுக்கச் செய்து, மஞ்சள் கோடு போட்ட மீன்களை விட்டு, எதிரே சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

1961ஆம் வருஷம், ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், அந்த மீன்கள் ஏழும் வயிற்றைக் காட்டி மிதந்துகொண்டிருந்தன.

"இன்னா சார் இது? வைரத்தோடு காணோம்னுதானே கூப்பிட்டாங்க? இங்க ஏழு கொலை நடந்திருக்கு!" என்றான் கவுஸ் பாஷா.

துப்பறியும் செங்கல்வராயன் தொட்டியைச் சுற்றி வந்தார். போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்று, வேலூர் பஜாரில் மாடி அறை பிடித்து இரண்டு வருஷம் ஆகிறது. காட்பாடி ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்த பாஷாவைத் தனக்கு உதவியாளாக அவர் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் அவனுடைய ஞாபகசக்தி. எந்தப் பயணி எந்தப் பெட்டியோடு இறங்கினான் என்று ஆறு மாசம் கழித்தும் சொல்வான். வாய் இவ்வளவு நீளம் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

"மீனை விடுடா," என்றார் கிருஷ்ணராஜ், பள்ளித் தோழரிடம் பேசும் உரிமையோடு. குரல் உண்மையாகவே கம்மியிருந்தது. இடுப்பு வேட்டியிலிருந்து பொடி டப்பாவை எடுத்து, ஒரு சிட்டிகையை மூக்கில் ஏற்றினார். "காலையில எழுந்து வந்து பார்த்தேன். எல்லாம் போய்ட்டுது. அந்தப் படுபாவி ஏதோ செஞ்சிருக்கான்."

"யாரு?"

"லோகநாதன்தான். நம்ம உப்பு கொடவுன் மேஸ்திரி. பழவேற்காட்டுக்காரன், கடல் தெரிஞ்சவன்னு தொட்டியையும் அவன் கையிலதான் விட்டிருந்தேன். கல்லு அடுக்கினது அவன். தண்ணி மாத்துறது அவன். அவனைத் தவிர இந்தக் கல்லை எவனும் தொட்டதில்லை, தொடவும் விடமாட்டான். என்னையே தள்ளி நிக்கச் சொல்வான்டா!"

விஷயம் இதுதான். கிருஷ்ணராஜின் மனைவி இறந்து மூன்று வருஷம். அந்த அம்மாளின் வைரத்தோடு படுக்கை அறை பீரோவில் இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் பார்த்தால் காணோம். அன்று பகல் பங்களாவுக்குள் லோகநாதன் வந்து போனதைப் பார்த்ததாகக் கிருஷ்ணராஜ் சொன்னார். இன்று காலையிலிருந்து அவனைக் கொடவுனிலேயே உட்கார வைத்து வாட்ச்மேனைக் காவல் போட்டிருந்தார்.

"வெளியே கொண்டுபோய் விக்க அவனுக்குத் தைரியம் வந்திருக்காது. இங்கயேதான் எங்கேயோ வச்சிருக்கான். பார், அந்த நடுக்கல்லு சாஞ்சு நிக்கிறதே, அது எப்பவும் அப்படி நிக்காது."

செங்கல்வராயன் குனிந்து பார்த்தார். தொட்டியின் நடுவில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு பவளக் கல் ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தது. அதன் அடியில் மணல் பறிக்கப்பட்டுக் குழியாக இருந்தது. குழியின் வாயில் ஒரு நண்டு காலை மடக்கிச் செத்துக் கிடந்தது.

"பாஷா, கையை விடு."

பாஷா சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் கையை விட்டான். கல்லைப் புரட்டினான். "சார், இந்தக் கல்லு சிரசாசனம் பண்ணுது போல. மேல வெளுத்துக் கிடக்கு, அடி வயித்துலதான் ஊதாவும் பச்சையுமா கலர் கட்டியிருக்கு," என்றான். பிறகு மணலைத் துழாவி, மெழுகால் அடைத்த ஒரு சின்ன மருந்துப் புட்டியை வெளியே எடுத்தான். உள்ளே இரண்டு வைரத்தோடுகள்.

கிருஷ்ணராஜ் தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "பதினெட்டு வருஷம்டா. என் வீட்டு ஆள் மாதிரி வச்சிருந்தேன்."

பாஷா தன் கையை முகர்ந்து பார்த்தான். "கடல் தண்ணி இப்படி வாசனையா இருக்கும்னு எனக்குத் தெரியாது சார். கல்யாணப் புடவை வச்ச பெட்டி மாதிரி இருக்கு."

"போய்க் கையைக் கழுவு," என்றார் செங்கல்வராயன். நண்பரின் முகத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்கு மனம் கலங்கியது. இருவரும் வேலூரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். செங்கல்வராயனின் மனைவி நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தினமும் ஆம்பூரிலிருந்து கிருஷ்ணராஜின் கார் சாப்பாட்டு அடுக்கோடு வந்து நிற்கும். அந்த நாற்பது நாளை அவர் மறந்ததில்லை.

ஆகவே கிருஷ்ணராஜ் காகிதத்தை நீட்டியபோது அவர் மறுக்கவில்லை. லோகநாதன் அடுக்கிய கல்லுக்கு அடியில், லோகநாதன் மட்டுமே தொடும் தொட்டியில், களவுபோன தோடு தம் முன்னிலையில் கிடைத்தது என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"மதியச் சாப்பாடு ஆனதும் டிரைவர்கிட்ட ஸ்டேஷனுக்குக் கொடுத்தனுப்பறேன்," என்று கிருஷ்ணராஜ் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "திங்கக்கிழமைக்குள்ள இந்தக் கதை முடிஞ்சாகணும். உன் கையெழுத்துன்னா வேலூர்ல மறுபேச்சு இல்ல."

"அதுக்குள்ள அவனை ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்."

"எதுக்குடா? அதான் கிடைச்சாச்சே!"

"வழக்கம்," என்றார் செங்கல்வராயன். அப்போது அது வெறும் வழக்கமாகத்தான் இருந்தது.

*

பங்களாவுக்குப் பின்னால் இரண்டு பர்லாங்கில் தோல் ஷெட். சுண்ணாம்புக் குழிகளைத் தாண்டி, மரப்பட்டை மூட்டைகளைத் தாண்டிப் போனால் உப்பு கொடவுன். வாசலில் வாட்ச்மேன் ரஷீத் அஹமது ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காவல் காக்கும் முகம் இல்லை, துக்க வீட்டில் உட்கார்ந்தவர் முகம்.

உள்ளே மூட்டைகளின் மேல் லோகநாதன் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது, ஒடிசலான ஆள், உப்பில் வெடித்த கைகள். இவர்களைக் கண்டதும் எழுந்து நின்றான். திருடவில்லை என்றோ, காப்பாற்றுங்கள் என்றோ அவன் ஆரம்பிக்கவில்லை.

"மீனெல்லாம் போய்ட்டுதாமே ஐயா? ஒண்ணுகூட இல்லையா?"

"ஒண்ணுகூட இல்லை. கல்லுக்கு அடியில தோடு இருந்தது. அதுக்கு என்ன சொல்றே?"

"எந்தக் கல்லு?"

"நடுவுல இருக்கிற பெரிய கல்லு. சாஞ்சு கிடந்துது. நண்டு அடியில மணலைப் பறிச்சிருந்துது."

லோகநாதனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. திருடன் என்று சொன்னபோது வராத கோபம். "அடியில மணலா? நான் அடுக்கின கல்லுக்கு அடியில மணல் ஏதுங்க? முதல்ல வெறும் கண்ணாடித் தரை. அதுமேல பெரிய கல்லு மூணு, ஆடாம அசையாம உட்காரணும். அதுக்கப்புறம்தான் சுத்தி மணல் கொட்டுவேன். நண்டு தோண்டுற ஜாதி ஐயா. மணல் மேல கல்லை வச்சா ஒரே நாள்ல அடியைப் பறிச்சுக் கவுத்துடும். கல்லு சாஞ்சா கண்ணாடி போய்டும், வீடெல்லாம் தண்ணி. மூணு வருஷமா ஒரு கல்லு அசைஞ்சதில்ல. முதலாளியையே கேளுங்க."

"அப்போ கல்லுல கலர் கட்டினது எந்தப் பக்கம் இருக்கணும்?"

"வெளிச்சம் படுற பக்கம்தான். மேல் பக்கம். ஏன், கவுத்தா வச்சிருக்கான்?"

செங்கல்வராயன் பாஷாவைப் பார்த்தார். பாஷா அவரைப் பார்க்காமல், மூக்கைச் சுளித்துக்கொண்டு கொடவுன் முழுக்க மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தான். உப்புக் குவியலுக்குப் போனான், ஒரு பிடி எடுத்தான், முகர்ந்தான். பிறகு சுருட்டிவிட்ட சட்டைக் கையை முகர்ந்தான்.

"சார்! சோப்பு போட்டுக் கழுவியும் போகல. அதே வாசனை. கல்யாணப் புடவைப் பெட்டி!"

"அது பாச்சை உருண்டைங்க," என்றான் லோகநாதன். "தோலுக்குப் போடுற உப்பு ஐயா இது. வெறும் உப்பு போட்டா தோல்ல புழு வெக்கும். அதனால பாச்சை உருண்டையை இடிச்சுத் தூளாக்கிக் கலந்துதான் மூட்டை கட்டுவோம். நான்தான் என் கையால கலக்கறேன்." பேசிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். முகம் மாறியது. "இந்த உப்பையா தொட்டியில போட்டாங்க?"

"போட்டா?"

"ரெண்டு பிடி போதும். மீன், நண்டு, கல்லுல ஒட்டியிருக்கிற பூச்சி புழு எல்லாம் போய்டும். இங்க ஷெட்டுல தோல் தூக்குற கூலியாளுக்குக்கூட அது தெரியும். எவன் போட்டான்?"

"தொட்டியில தண்ணி குறைஞ்சா நீ உப்பு போட மாட்டியா?"

"எதுக்குங்க? வெயிலுக்குத் தண்ணிதான் போகும், உப்பு எங்க போகும்? நல்ல தண்ணி ரெண்டு குடம் ஊத்துவேன், அவ்வளவுதான். மொத்தமா மாத்தணும்னா மதராஸ் ஜாடி வரணும். அது செவ்வாக்கிழமைதான் வரும்."

செங்கல்வராயன் ஒரு மூட்டைமேல் மெல்ல உட்கார்ந்தார். நடந்தது அவர் கண்முன்னே ஓடியது. யாரோ தொட்டியின் அடிவரை கையை விட வேண்டியிருந்திருக்கிறது. தண்ணீரை மொண்டு மொண்டு கொட்டியிருக்கிறான். கல்லைத் தூக்கியிருக்கிறான், மணல் சரிந்து இடத்தை மூடியிருக்கிறது. அதன்மேல் புட்டியை வைத்து, கல்லைத் தலைகீழாகத் திரும்ப வைத்திருக்கிறான். பிறகு பார்த்தால் தொட்டியில் பாதித் தண்ணீர் இல்லை. கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, கடல் தண்ணீர் உப்புக் கரிக்க வேண்டுமே என்று உப்பைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறான். கைக்கு எட்டிய உப்பு, கொடவுன் உப்பு.

"இந்தக் கொடவுன் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட ஒண்ணு," என்றான் லோகநாதன். இன்னொன்று யாரிடம் என்று அவன் சொல்லவில்லை. சொல்லாமல் தரையைப் பார்த்தான்.

"உனக்கும் முதலாளிக்கும் ஏதாச்சும் பேஜாரா?" என்று கேட்டான் பாஷா.

வாசலிலிருந்து ரஷீத் அஹமதுதான் சொன்னார். "பத்து நாளைக்கு முன்னாடி அருணகிரின்னு ஒரு ஆள் டிரம்முல மாட்டிச் செத்துட்டான் சார். தோலை உருட்டுற பெரிய டிரம்மு. பிரேக்கு பிடிக்கலைன்னு காலையிலயே சொன்னாங்க. உள்ளே குனிஞ்சு தோலை எடுக்கறப்போ அது சுத்த ஆரம்பிச்சிடுச்சு. திங்கக்கிழமை வேலூர்ல விசாரணை. அந்த டிரம்மை ஓட்டச் சொன்னது யாருன்னு கேப்பாங்க. அப்போ பக்கத்துல நின்னிருந்த ஒரே ஆள் இந்த லோகநாதன்தான்."

"ரஷீத் பாய், சும்மா இருங்க," என்றான் லோகநாதன்.

திங்கட்கிழமை. அந்த வார்த்தையைச் செங்கல்வராயன் ஏற்கெனவே கேட்டாயிற்று. அவருக்கு வந்தது கோபம் இல்லை, பயம். தப்பாக இருக்க வேண்டுமே, வேறு யாராவது இருக்க வேண்டுமே என்று மனம் அடித்துக்கொண்டது. போலீசில் இருந்த இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு குற்றவாளிக்காகவும் அவர் இப்படி வேண்டிக்கொண்டதில்லை.

லோகநாதன் நிமிர்ந்து கேட்டான். "ஐயா, நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"போட்டுட்டேன்," என்றார் செங்கல்வராயன்.

"என்னைக் கேக்காமலேயே," என்றான் லோகநாதன். அவ்வளவுதான் சொன்னான்.

*

திரும்பி வரும் வழியெல்லாம் செங்கல்வராயன் வாதாடிக்கொண்டே வந்தார். "கூலியாள் எவனாவது இருக்கலாம்."

"கூலியாளுக்கு வாசனை தெரியும் சார்."

"டிரைவர்?"

"தோல் லோடு அடிக்கிற டிரைவர். மூக்கு இருக்குல்ல?"

"வீட்டு வேலைக்காரி?"

"அவங்க சமையல்கட்டு உப்பைத்தான் எடுப்பாங்க. இருந்தாலும் கேட்டுடலாம்." பாஷா சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். கொடவுன் உப்பில் ஒரு பிடி கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

சமையல்கட்டில் சவுரியம்மாள் கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் சமைப்பவள். பாஷா பொட்டலத்தைப் பிரித்து அம்மி ஓரத்தில் வைத்தான்.

"ஆயி, குழம்புக்கு உப்பு."

"ஐயையோ, எடுய்யா அதை! துணிப் பெட்டி நாத்தம் நாறுது. இதைப் போட்டா வீட்டுல எல்லாரும் போய்ச் சேர வேண்டியதுதான்."

"சேர்ந்துட்டாங்கம்மா, ஏழு பேர்," என்றான் பாஷா.

செங்கல்வராயன் கேட்டார். "வியாழக்கிழமை மத்தியானம் வீட்டுல யாரெல்லாம் இருந்தீங்க?"

"ஒருத்தரும் இல்லீங்க. முதலாளி எங்க எல்லாரையும் சினிமாவுக்குப் போகச் சொல்லிட்டாரு. என்னை, தோட்டக்காரனை, டிரைவரை. இத்தனை வருஷத்துல இல்லாத அதிசயம். போய்ட்டு வந்து பார்த்தா அதைவிட அதிசயம்." சவுரியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "ஹால்ல தரையெல்லாம் ஈரம். அவரே துடைச்சிருக்காருங்க! குடிச்ச டம்ளரை நகர்த்தி வைக்காத மனுஷன். துடைச்ச துணியை எங்க போடறதுன்னு தெரியாம வெல்வெட்டு சோபாமேல போட்டு வச்சிருந்தாரு. தண்ணி கொட்டிடுச்சு, போய் உன் வேலையைப் பாருன்னாரு."

"லோகநாதன் அன்னிக்கு வந்தானா?"

"லோகநாதனா? அவரு திங்கக்கிழமை வந்து மீனுக்குத் தீனி போட்டதோட சரி. சினிமாக் கொட்டகையில எனக்கு ரெண்டு வரிசை முன்னாடிதான் உட்கார்ந்திருந்தாரு. ஷெட்டு மேஸ்திரிங்களுக்கும் அன்னிக்கு முதலாளிதான் டிக்கெட்டு. எல்லாரும் போகட்டும்னுட்டாரு."

பாஷா ஏதோ சொல்ல வாயெடுத்தான். செங்கல்வராயனின் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு விஷயம் பேசினான். "ரெண்டு சாஸர் இருந்தா கொடுங்கம்மா. உங்க உப்பும் ஒரு கரண்டி."

"பாஷா," என்றார் செங்கல்வராயன், "கொடவுனுக்குப் போய் லோகநாதனைக் கூட்டிட்டு வா. நான் சொன்னேன்னு ரஷீத்கிட்ட சொல்லு."

*

கிருஷ்ணராஜ் சாப்பிட உட்காரும் முன் இன்னொரு சிட்டிகை பொடி போட்டுக்கொண்டிருந்தார். செங்கல்வராயன் இரண்டு சாஸர்களையும் அவர் முன்னால் மேஜைமேல் வைத்தார்.

"ராஜு, இதுல எது சமையல் உப்பு?"

"இன்னாடா விளையாட்டு இது?"

"சொல்லேன்."

கிருஷ்ணராஜ் இரண்டையும் பார்த்தார். விரலால் கிளறினார். ஒன்றை மூக்கருகே கொண்டுபோனார், மற்றதையும் கொண்டுபோனார். "ரெண்டும் உப்புதான். உப்புல இன்னா வாசனை வரும்?"

செங்கல்வராயன் கண்ணை மூடிக்கொண்டார். ராஜுவுக்குப் பள்ளிக்கூடத்து நாளிலேயே ஆரம்பித்த பொடிப் பழக்கம். முப்பத்தைந்து வயதில் மூக்கு செத்துவிட்டது. ரோஜாப்பூவையும் கருவாட்டையும் கொடுத்தால் வித்தியாசம் தெரியாது என்று அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். தோல் ஷெட் நடத்த ஆண்டவன் கொடுத்த வரம்டா இது என்பார்.

"உன் இடது கையில இருக்கிறது கொடவுன் உப்பு. பாச்சை உருண்டைத் தூள் கலந்தது. இந்த ஷெட்டுல வேலை செய்யற அத்தனை பேருக்கும் அது தெரியும். கொடவுன் பக்கம் தலைவச்சுப் படுக்காத ஒருத்தனுக்கு மட்டும்தான் தெரியாது. மோந்து பார்த்தும் தெரியாத ஒருத்தன். இன்னொரு சாவி அவன்கிட்டதான் இருக்கு."

கிருஷ்ணராஜ் சாஸரைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். மிதக்கும் மீன்களைப் பார்த்தார். திருட்டைப் பற்றியோ பழியைப் பற்றியோ அல்ல, அவர் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான். "அப்போ... அதுங்களைக் கொன்னது நானா?"

"நீதான். கல்லை மணல்மேல வச்சதும் நீதான். சினிமாவுக்கு எல்லாரையும் அனுப்பிட்டுத் தரையைத் துடைச்சதும் நீதான். சவுரியம்மா இன்னும் அந்த அதிசயத்துலேருந்து வெளியே வரல."

மறுத்துப் பார்க்கலாமா என்று ஒரு கணம் யோசித்தது கிருஷ்ணராஜின் முகத்தில் தெரிந்தது. பிறகு அதை விட்டுவிட்டார். "அருணகிரி சாகணும்னு நான் நினைக்கலடா. கப்பலுக்குச் சரக்கு போகணும், பிரேக்கை அப்புறம் பார்த்துக்கலாம், ஓட்டுன்னு சொன்னேன். எல்லா முதலாளியும் சொல்றதுதான். லோகநாதன் பக்கத்துல நின்னான். அன்னையிலேருந்து பத்து நாளா அவன் என் மூஞ்சியைப் பார்க்கல. பேசல. கூப்பிட்டா வந்து, தரையைப் பார்த்துட்டுப் போறான். அவன் திங்கக்கிழமை போய் இன்னா சொல்வான்னு எனக்குத் தெரியாதா? ஜெயிலுக்குப் போகச் சொல்றியா என்னை?"

"அதனால அவனைத் திருடனாக்கிட்டே. திருடன் சொல்ற சாட்சியை எவன் நம்புவான்?"

"தோடு கிடைச்சாச்சு, போனா போகட்டும்னு ஒரு மாசத்துல கேஸை வாபஸ் வாங்கியிருப்பேன்டா. அவனை வாழ வச்சிருப்பேன்."

செங்கல்வராயனுக்குக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி. பதில் தெரிந்தே கேட்டார். "ஆம்பூர்ல ஸ்டேஷன் இருக்கு, சப்-இன்ஸ்பெக்டர் இருக்காரு. என்னை ஏன்டா கூப்பிட்டே?"

"அவங்க வந்தா தோண்டித் துருவுவாங்க." கிருஷ்ணராஜ் நிமிரவே இல்லை. "நீ நான் சொன்னா நம்புவே."

நம்பினார். அதுதான் வலித்தது. நாற்பது நாள் சாப்பாட்டு அடுக்கு வந்தது உண்மை, அன்பு உண்மை. அந்த அன்பு எவ்வளவு தூரம் தாங்கும் என்று கணக்காகத் தெரிந்துவைத்துக்கொண்டு, இவன் இன்று அதன்மேல் ஏறி நின்றுவிட்டான். கல் தலைகீழாக இருந்ததைப் பாஷா சொன்னான், வாசனையைச் சொன்னான். இரண்டையும் காதில் வாங்காமல் கையெழுத்துப் போட்டது யார்? வேறு எந்த வீடாக இருந்தாலும் அவர் அப்படிச் செய்திருக்க மாட்டார்.

"காகிதத்தைக் கொடு."

கிருஷ்ணராஜ் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். செங்கல்வராயன் அதன் பின்பக்கத்தில், முன்பக்கம் எழுதியது தவறு என்றும், ஏன் தவறு என்றும் எழுதத் தொடங்கினார்.

அப்போதுதான் வாசல் பக்கம் நிழல் விழுந்தது. பாஷாவோடு லோகநாதன் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டான் என்று மட்டும் முகத்திலிருந்து தெரிந்தது. நேராகத் தொட்டியருகே போனான். செத்த மீன்களைப் பார்த்தான். பிறகு பத்து நாளில் முதல் தடவையாக முதலாளியின் முகத்தைப் பார்த்தான்.

"நீங்க சொன்னது எதுவும் என் காதுல விழலைன்னுதான் விசாரணையில சொல்றதா இருந்தேன் முதலாளி."

கிருஷ்ணராஜ் மெல்லத் தலை நிமிர்ந்தார்.

"டிரம்மை ஓட்டச் சொன்னது யாருன்னு தெரியாது, அருணகிரியே அவசரப்பட்டு உள்ளே குனிஞ்சிட்டான், இப்படித்தான் சொல்லப் போனேன். பதினெட்டு வருஷமா உங்க சோறு. செத்தவன் திரும்பி வரப்போறதில்ல, முதலாளியையும் எதுக்கு உள்ளே தள்ளணும்னு நினைச்சேன். அருணகிரி பொண்டாட்டி பூங்காவனம் எங்க தெருதான். வந்து என் காலைப் பிடிச்சு அழுதா. நீதான்ணா பக்கத்துல நின்னே, நடந்ததைச் சொல்லுன்னா. எனக்கு ஒண்ணும் தெரியாதும்மான்னுட்டேன். அந்தப் பொய்யைச் சொன்னதுலேருந்து எனக்கு எவன் மூஞ்சியையும் பார்க்க முடியல. உங்க மூஞ்சியைப் பார்த்தா அழுகை வந்துடும்னுதான் தரையைப் பார்த்தேன்."

காற்றுக் குழாய் மட்டும் செத்த தொட்டிக்குள் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

"லோகு," என்றார் கிருஷ்ணராஜ். "லோகு, எனக்குத் தெரியாமப் போச்சுடா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே முதலாளி."

கிருஷ்ணராஜ் கைகளைக் குவிக்கப் போனார். லோகநாதன் அதைப் பார்க்க விரும்பாதவன்போலத் திரும்பிக்கொண்டான். இடுப்பிலிருந்து கொடவுன் சாவியை எடுத்துச் சாஸர்களுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"ஐயா, திங்கக்கிழமை விசாரணை எத்தனை மணிக்கு?" என்று செங்கல்வராயனிடம் கேட்டான்.

"பத்தரைக்கு. காலையில நான் வர்றேன் லோகநாதன். இந்தக் காகிதமும் என்கிட்ட இருக்கும். நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

லோகநாதன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் செங்கல்வராயன் தாங்கிக்கொண்டிருப்பார்.

"வேணாங்க," என்றான். "நான் பூங்காவனத்தைக் கூட்டிக்கிட்டு பஸ்ஸுல வந்துடறேன்."